கிணற்றடியில் நின்றவன்

போதகரை அழைத்துவரப் போன ஏனோக்கு, பாதி வழியில் கிணற்றடியில் நின்று ஆற அமரத் தண்ணீர் குடித்தான். தாகம் ஒன்றும் இல்லை. சுரங்கத்தில் பாறை சரிந்து இடுப்பு நொறுங்கிய தம்பி ஜெயகரன் வீட்டில் இழுத்துக்கொண்டு கிடந்தான். போதகர் வந்து சேருவதற்குள் மூச்சு அடங்கிவிட்டால் நல்லது.

ஆமாம், அப்படித்தான் நினைத்தான். ஜெயகரன் குடித்துக் கூத்தடித்து, சபையில் பேர் நீக்கப்பட்டவன். அப்படிப்பட்டவன் மனந்திரும்பாமல் செத்தால் கோயிலில் சாவுமணி கிடையாது. குழியும் கல்லறை வேலிக்கு வெளியேதான். ஏனோக்கோ பதினோரு வருஷமாகக் கோயில் மணியடிக்கிறவன், சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவன். இருந்தும் அம்மா தாயம்மா சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தது என்னவோ சின்னவனுக்குத்தான். அதை நினைத்தாலே அவனுக்கு வயிறு எரியும். சாவிலாவது தனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு வேலி இருக்கட்டும்.

போதகரோடு திரும்பியபோது ஜெயகரனுக்கு உயிர் இருந்தது. குடித்தது, அம்மாவின் கம்மலை விற்றது, எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லி அழுதான். போதகர் அவன் தலையில் கைவைத்து ஜெபித்து, திருவிருந்தின் அப்பமும் திராட்சரசமும் கொடுத்தார்.

ஏனோக்கு அவரை வாசலுக்கு இழுத்தான். "இன்னா ஐயா இது? நானு பதினோரு வருசம், இவன் அரை நாழி. ரெண்டு பேருக்கும் ஒரே பந்தியா?"

"பந்தி என்னுது இல்லியே, ஏனோக்கு. தீர்ப்பும் என்னுது இல்ல."

உள்ளேயிருந்து தம்பியின் குரல் கேட்டது. "அம்மா, அண்ணன் ஓடியாந்துதான் ஐயாவ இட்டாந்துச்சு. இல்லாங்காட்டி நான் வேலிக்கு வெளியதான். பாவம், அதுக்குத் தாகமா இருக்கும். தண்ணி குடும்மா."

அதோடு அவன் மூச்சு அடங்கியது.

தாயம்மா அழுதுகொண்டே வந்து பெரியவன் கையில் சொம்பைத் திணித்தாள். "குடிடா. எம்மாந்தூரம் ஓடின!"

அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"போய் மணியடி, ஏனோக்கு," என்றார் போதகர்.

செத்தவன் வயதில் வருஷத்துக்கு ஒன்றாக அடிக்க வேண்டும். சொம்போடுதான் போனான். அதை மணிக்கம்பத்தின் அடியில் வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தான். முப்பத்தொன்றும் எண்ணி அடித்து முடித்து, அங்கேயே குந்தினான்.

சொம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது.