நுவாராவிடம் சொல்லாமல் செய்த ரீமேப்

பெஜாயாவிலிருந்து கிளம்பி அரை மணி நேரம் ஆகியும் நான் ஒரு வண்டியைக்கூட முந்தவில்லை. நுவாரா கைப்பேசியை மடியில் வைத்துவிட்டு என் காலைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள்.

“மூலூத், உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தானே இருக்கேன்.”

“கோழி ஏத்திக்கிட்டுப் போற வண்டி நம்மள முந்திட்டுப் போகுது. கோழியெல்லாம் திரும்பிப் பார்க்குது.”

என் மனைவியிடம் வேறு எதை மறைத்தாலும் காரைப் பற்றி மட்டும் மறைக்க முடியாது. பன்னிரண்டு வருஷமாக ஓட்டுநர் பள்ளி நடத்துகிறாள். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டியின் கிளட்ச் தேய்ந்திருப்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். அதனால்தான் நான் முட்டை மேல் நடப்பதுபோல ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முந்தின நாள் மாலை என் நண்பன் ஃபாரெஸ் எங்கள் காரின் எஞ்சினை ரீமேப் செய்திருந்தான். வெளியே ஒரு திருகுகூட மாறவில்லை. எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்க வேண்டும், எவ்வளவு பெட்ரோல் குடிக்க வேண்டும் என்று அதன் கம்ப்யூட்டரில் கம்பெனி எழுதியிருந்த கணக்கை எடுத்துவிட்டுத் தன் கணக்கை ஏற்றினான். சின்ன ஹேட்ச்பேக்தான், ஆனால் வேகத்துக்கென்றே செய்த ரகம். அதற்கு மேலும் அறுபது குதிரைசக்தி. அன்று சாயங்காலம் கடற்கரைச் சாலையில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தேன். முன்பெல்லாம் மிதித்தால் எஞ்சின் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் ஓடும். இப்போது அந்த யோசனை இல்லை. இருக்கை முதுகில் வந்து ஒட்டிக்கொண்டது. தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் சிரித்தேன். அது பழைய கார். அதையும் ஃபாரெஸ்தான் மாற்றிக் கொடுத்தான். ஆவுகாஸ் ஊருக்குப் பக்கத்தில், கடலோரத் தடுப்புச் சுவரில் கொண்டுபோய் மோதினேன். எனக்கு ஒரு கீறலும் இல்லை. பக்கத்தில் இருந்த நுவாராவுக்குத் தோளில் காறை எலும்பு முறிந்தது. கட்டைப் பிரித்த அன்று, இனி எந்த எஞ்சினிலும் கை வைக்க மாட்டேன் என்று அவள் அம்மா முன்னால் வாக்குக் கொடுத்தேன்.

இப்போது அந்தச் சுவரைத் தாண்டும்போது நுவாரா தோளில் கிடந்த பெல்ட்டைச் சரிசெய்துகொண்டாள்.

சூக் எல் தெனீனில் கடலை விட்டு மலைப்பக்கம் திரும்பும் இடத்தில் அவள் கையைக் காட்டினாள்.

“ஓரமா நிறுத்து. நான் ஓட்டறேன். செத்தீஃப்ல கல்யாணம் இன்னைக்கு. நீ போற வேகத்துக்குப் புள்ளைக்குப் பேர் வைக்கிற விருந்துக்குத்தான் போய்ச் சேருவோம்.”

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். இறங்கி மாறி உட்கார்ந்தேன். பின் இருக்கையில் அவள் தங்கையின் கல்யாணத்துக்குச் செய்த மூன்று தட்டு பக்லாவா இனிப்பு, தேன் சொட்டச் சொட்ட, துணி போட்டு மூடியிருந்தது.

கெராட்டா பள்ளத்தாக்கில் சாலை குறுகலானது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் ஆறு. முதல் வளைவிலிருந்து இரண்டாவது கியரில் வெளியே வந்தபோது ஸ்டீயரிங் அவள் கையில் ஒரு வெட்டு வெட்டியது.

“என்னது, இழுக்குது?”

“டயர்ல காத்து கம்மியா இருக்கும்.”

“செவ்வாய்க்கிழமை நான்தான காத்து பார்த்தேன்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். தடுப்புச் சுவர் மேல் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த வளைவு தாண்டியதும் சொல்லலாம் என்றும் நினைத்தேன்.

அடுத்த வளைவு தாண்டியதும் வைக்கோல் லாரி ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்கப்பால் சாலை நேராகக் கிடந்தது. எதிரே எதுவும் இல்லை. அவள் கண்ணாடி பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், மூன்றாவது கியருக்கு வந்தாள், மிதித்தாள். எல்லாம் அவள் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வரிசையில்.

கார் பாய்ந்தது. அவள் தொண்டையிலிருந்து “ஹா” என்று ஒரு சத்தம் வந்தது. லாரியின் பின்சக்கரம் என் ஜன்னலைக் கடந்தது. நடுப்பகுதி வந்தது. அங்கே யாரோ எஞ்சினின் கழுத்தைப் பிடித்ததுபோல எல்லாம் நின்றது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அவள் மிதித்துக்கொண்டேதான் இருந்தாள், காருக்கு வலு இல்லை. லாரியும் நாங்களும் சேர்ந்து ஊர்ந்தோம்.

எதிர் வளைவிலிருந்து பஸ் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். லாரிக்குப் பின்னால் நாங்கள் விட்ட இடத்தில் ஒரு வெள்ளை வேன் வந்து சேர்ந்திருந்தது.

“நுவாரா, வேன்…”

“பார்த்துட்டேன். வாயை மூடு.”

ஹாரனை அழுத்தியபடியே பிரேக்கை மிதித்தாள். தட்டுகள் பின்னால் தடதடவென்று விழுந்தன. வேன்காரனும் பயந்து மிதித்திருக்க வேண்டும். லாரிக்கும் வேனுக்கும் நடுவில் ஒரு கார் அளவுக்குச் சந்து திறந்தது. அதற்குள் எங்களைச் செருகினாள். பஸ் கத்திக்கொண்டே கடந்தது. அதன் காற்றில் கார் ஒரு ஆட்டம் ஆடியது.

அகலமான இடம் வந்ததும் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தாள். 

“என்ன பண்ணி வச்சிருக்க?”

சொன்னேன். ஃபாரெஸ், வியாழக்கிழமை, அறுபது குதிரைசக்தி, எல்லாம். அவள் எதிரே இருந்த பாறையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“நான் ஓட்டறேன்னு இறங்கச் சொன்னேன்ல. அப்பக்கூட உனக்குச் சொல்லத் தோணல?”

“தோணுச்சு.”

“தோணுச்சா!”

அந்த ஒரு சொல்லை அவள் சொன்ன விதத்துக்கு, அவள் அடித்திருந்தால் தேவலை.

மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மஞ்சள் விளக்கு எரியவில்லை. எஞ்சின் ஒன்றுமே நடக்காததுபோல் மெல்ல ஓடியது.

“திரும்பவும் இப்படி ஆகுமா?”

“ஆகாதுன்னு நினைக்கிறேன்.”

“மூலூத்.”

“தெரியாது. எனக்குத் தெரியாது, நுவாரா.”

“இதுதான் காலையிலேருந்து நீ பேசின முதல் உண்மை.”

கெராட்டா ஊர் வரைக்கும், அதற்கப்பால் ஏற்றம் முழுக்க, எதையும் முந்தாமல் வந்தாள். கழுதை மேல் போன ஒரு கிழவருக்குப் பின்னாலும் பொறுமையாக வந்தாள். அமூஷா தாண்டியதும் கோதுமை வயல்களுக்கு நடுவே சாலை அகன்று நேரானது. முன்னும் பின்னும் யாரும் இல்லை. நின்று, முழுக்கப் பார்த்துவிட்டு, மூன்றாவது கியரில் அடிவரை மிதித்தாள்.

“ஏய், வேணாம்! எஞ்சின் போயிடும்!”

“போகட்டும். எங்க சாகும்னு எனக்குத் தெரியணும்.”

பாய்ச்சல், பிறகு அதே கழுத்துப்பிடி, மஞ்சள் விளக்கு. நிறுத்தினாள், அணைத்தாள், மறுபடி ஸ்டார்ட் செய்தாள். மூன்று முறை. அப்புறம் என் கைப்பேசியை வாங்கி ஃபாரெஸைக் கூப்பிட்டாள்.

“அண்ணே! எப்படி இருக்கு வண்டி? பறக்குதா?” என்றான் அவன்.

“நுவாரா பேசறேன்.”

அவன் மேலே பேசுவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“எழுதிக்கோ, ஃபாரெஸ். ரெண்டாவது கியர்ல ஸ்டீயரிங் வலப்பக்கம் இழுக்குது, முன்சக்கரம் வழுக்குது. மூணாவதுல ரெண்டாயிரம் சுத்துலேருந்து நல்ல வேகம், மிதிச்சதும் வருது. மூவாயிரத்து எண்ணூறு சுத்துல வெட்டுது. மூணு தடவையும் அதே இடத்துல. எழுதிட்டியா?”

“அக்கா… எஞ்சினுக்குள்ள போற காத்தழுத்தம் கொஞ்சம் கூடப் போயிருக்கும். எஞ்சின் தன்னைக் காப்பாத்திக்கத்தான் வலுவைக் குறைச்சுக்குது. ஒண்ணும் ஆகாது. சின்ன வேலை, நான்…”

“லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவுல குறைச்சுக்கிச்சு. எஞ்சின் தன்னைக் காப்பாத்திக்கிச்சு, சரி. எங்களை யாரு காப்பாத்துறது?”

காரின் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு வர்றேன். கம்பெனி கணக்கைத் திரும்ப ஏத்துற வரைக்கும் உன் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்.”

வைத்துவிட்டாள். கொஞ்ச தூரம் போனோம். செத்தீஃபின் கட்டிடங்கள் தெரிய ஆரம்பித்தன.

“ஒண்ணு சொல்லிடறேன்” என்றாள். “அந்த லாரிப் பக்கத்துல அது பாய்ஞ்சுது பாரு, எனக்குப் பிடிச்சிருந்துது. ரொம்பவே. உன்னைத் திட்டறதுன்னா நேர்மையாத் திட்டணும்ல?”

எனக்கு லேசாகச் சிரிப்பு வந்தது.

“சிரிக்காத. நான் என்ன ஓட்டறேன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா அந்த லாரிய முந்தியிருக்கவே மாட்டேன். அந்த முடிவை நீதான் என்கிட்டேருந்து எடுத்துட்ட.”

மணப்பெண் ஊர்வலம் கிளம்பிய பிறகுதான் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒரு தட்டுதான் முழுசாக இருந்தது. அவள் அம்மா மற்ற தட்டுகளைப் பார்த்தாள், தேன் ஒட்டிய காரின் தரைவிரிப்பைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். “திடீர்னு பிரேக் போட வேண்டியதாப் போச்சு” என்றாள் நுவாரா, அவ்வளவுதான். நான் கொடுத்த வாக்கைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சொன்னபடி சனிக்கிழமை ஃபாரெஸின் பட்டறைக்குப் போனாள், பழைய கணக்கை ஏற்ற வைத்தாள், தானே ஓட்டிப் பார்த்துவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தாள்.

கார் பழையபடி யோசித்து யோசித்து ஓடுகிறது. நான் ஓட்டும்போது மட்டும் நுவாரா பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொள்கிறாள், டாக்ஸியில் வருபவள் மாதிரி. இது மூன்றாவது வாரம். நேற்று வீட்டு வாசலில் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். “நன்றி” என்று சொல்லிவிட்டு, பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள்.