ரத்தத்தில் உள்ள உப்பு

அப்பாவின் தலையில் எண்ணெய் வைக்கக் குனிந்த புனிதாவின் கையை அய்யாவு மாமா பிடித்து நிறுத்தினார்.

"குளிப்பாட்டறதுக்கு முன்ன ரத்தம் எடுக்கணும்னா எடுத்துரு. மருந்துதான் கொன்னுச்சுன்னு நீ எழுதிக் குடுத்தா, அந்தத் தோட்டத்து மொதலாளி தவுக்கே வாயத் தொறக்க முடியாது லா."

அப்பா கார்த்திகேசு டெங்கிலில் ஒரு ஆர்க்கிட் தோட்டத்தில் பூஞ்சை மருந்து அடித்தவர். நேற்று முதுகில் மருந்துத் தொட்டியோடு சரிந்தார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

புனிதா கோலாலம்பூரில் ஆராய்ச்சி மாணவி. அதே மருந்தை எலிகளுக்குக் கொடுத்து, ரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் எப்படி மாறுகின்றன என்று பார்ப்பவள். பொட்டாசியம் எல்லை மீறினால் இதயம் நின்றுவிடும். அப்பாவிடம் எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறாள், வந்து ஒரு பிளட் டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. "லீவு கெடைக்கட்டும்மா" என்பார்.

"இப்ப எடுத்துப் பிரயோஜனம் இல்ல மாமா."

"ஏன்?"

"செத்ததுக்கப்புறம் எல்லாருக்குமே பொட்டாசியம் ஏறிடும். மருந்தால ஏறுச்சா, செத்ததால ஏறுச்சான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது."

"எலிக்கு மட்டும் சொல்ல முடியுதா?"

"எலிக்கு உயிரோட இருக்கும்போதே எடுத்துருவோம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. மாமா கையை விட்டார். "என்னா படிப்போ" என்று முனகிக்கொண்டே தண்ணீர் மொண்டார். அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? எண்ணெயை வைத்துவிட்டு நகர்ந்தாள்.

ஆண்கள் வேனோடு சுடலைக்குப் போனார்கள். கிள்ளானின் மதிய வெயில் வாசல் பந்தலுக்குள் இறங்கியிருந்தது. வீட்டைக் கழுவி முடித்த புனிதா சமையலறைக்குப் பின்னால் குழாய்ச் சத்தம் கேட்டுப் போனாள்.

அம்மா வீரம்மா, ஆஸ்பத்திரியில் கொடுத்த பையிலிருந்து அப்பாவின் வேலைச் சட்டையை எடுத்து வாளியில் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருந்தது.

"அம்மா, அதத் தொடாதீங்க! மருந்தும்மா!"

அம்மா நிமிரவில்லை. "கல்யாணம் ஆனதுலேர்ந்து நான்தானே தொவைக்கிறேன்."

புனிதா அந்தக் கைகளை வாளியிலிருந்து இழுத்துக் குழாயடியில் பிடித்தாள். விரலிடுக்குகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள்.