சீலிங்கில் கத்தும் பாப்பா

மைத்துனன் வரைந்த படத்தைப் பார்த்ததும் பல் டாக்டர் இரண்டடி பின்வாங்கினார். அவருடைய செல்ல மகள் கிளிப்பச்சை முகத்தோடு, முடியெல்லாம் செக்கச்செவேலென்று குத்திட்டு நிற்க, வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தாள். பச்சை முகத்தைக்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். கடைவாய்ப் பற்கள் முன்வரிசைக்கு வந்திருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

"இது எக்ஸ்பிரஷனிசம் அத்தான். மூஞ்சிய வரையல, மனச வரைஞ்சிருக்கேன்."

"மனசுல எதுக்குடா இத்தனை பல்லு?"

மனைவி முறைத்தாள். தம்பி இப்போதுதான் உருப்படியாக ஒன்று செய்திருக்கிறான். படத்தைக் கிளினிக்கில் மாட்டியே ஆக வேண்டும், இல்லையென்றால் அவரோடு பேச்சு வார்த்தை கிடையாது. முன்பு ஒரு தடவை அவள் அப்படிப் பேசாமலிருந்து, மனிதர் கெஞ்சிக் கூத்தாடி மீண்ட கதை உண்டு. வாசல் அறையில் மாட்டினாலோ, வருகிற பிள்ளைகள் வந்த வழியே ஓடிவிடும். யோசித்து யோசித்து, நோயாளி படுக்கும் நாற்காலிக்கு நேர் மேலே, சீலிங்கில் திருகாணி போட்டு முடுக்கினார். அங்கே படுப்பவர் வாய் நிறையப் பஞ்சு இருக்கும்; யார் குறை சொல்லப்போகிறார்கள்?

ஒருவரும் சொல்லவில்லை. என்ன கெஞ்சினாலும் வாய் திறக்காத வாண்டுகள்கூட மேலே பார்த்ததும், அந்தப் பாப்பாவை ஜெயித்தே தீருவதென்று ஆவெனப் பிளந்தன. டாக்டர் இந்த அதிசயத்தைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. சொன்னால் எங்கே மாட்டினீர்கள் என்ற கேள்வி வரும்.

ஒரு நாள் மைத்துனனே கன்னம் வீங்கி வந்தான். கூடவே அக்காவும். அவள் சுவர்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ஏங்க, படம் எங்க?"

டாக்டர் இடுக்கியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டார். அதற்குள் நாற்காலியில் மல்லாந்துவிட்ட மைத்துனன் மேலே விரலை நீட்டினான். அவளும் அண்ணாந்து பார்த்தாள். போச்சு, குடி முழுகிப் போச்சு என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"எப்படி அத்தான் கண்டுபிடிச்சீங்க?" மைத்துனன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "பாப்பாவுக்கு நீங்க பல்லு பிடுங்கினப்ப பக்கத்துல நின்னு பாத்துதான் இத வரைஞ்சேன். அவ கத்தின இடத்துலயே மாட்டிட்டீங்களே."

மனைவியின் பார்வையில் கல்யாணமான புதிதில் இருந்த பிரியம் திரும்பியிருந்தது. டாக்டர் அடக்கமாகத் தலையாட்டிவிட்டு, இடுக்கியோடு குனிந்தார்.

"அசையாதீங்க அத்தான்," என்றான் மைத்துனன், கீழேயிருந்து அவரை உற்றுப் பார்த்து. "அடுத்த படம் நீங்கதான். இங்கேருந்து பாத்தா மூஞ்சி பூரா மூக்குத் துவாரம்தான்."

"அத எங்கடா மாட்டுறது?"

"வாசல்லதான்," என்றாள் மனைவி.

டாக்டர் ஆவென்று வாயைப் பிளந்தார், மேலே இருந்த பாப்பாவுக்குக் கொஞ்சமும் குறையாமல்.