ஓரம் அடிக்காத துணி

மனைவி ஜெர்லின் பிரசவத்தில் இறந்தபின், குழந்தை பூவிழியைத் தன்னிடமே வைத்துக்கொண்டான் மரிய அருண். கருவடிக்குப்பம் வீட்டில் அவர்கள் இருவர்தான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. மாமியார் வேளாங்கண்ணி ஏழு மாதம் பொறுத்தார். ஞாயிறு பூசை முடிந்து வருவதாகவும், குழந்தை வாடியிருந்தால் உழவர்கரையில் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவதாகவும் போனில் சொன்னார். அவன் "சரி அத்தை" என்றான். ஜெர்லின் போனதிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அவன் சரி என்றுதான் சொன்னான்.

பீரோவில் ஜெர்லின் வாங்கிய பருத்தித் துணித் துண்டுகள் இருந்தன. மஞ்சள், நீலம், அடர் சிவப்பு. குழந்தைக்கு ஒட்டுப்போர்வை தைக்க எடுத்தவை. ஜெர்லினின் அக்கா பிரிஸ்கில்லா அதைத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தாள். மாமியார் வரும்போது அதையாவது காட்டலாம் என்று அவளைப் போனில் கூப்பிட்டான்.

"மொதல்ல துவைச்சு வை, அருணு. கோடித் துணிய அப்படியே தைச்சா அப்பறம் சுருங்கும். செவப்பு சாயம் மஞ்சள்ல ஏறும்."

"சரிக்கா."

"ஓரத்துல ஜிக்ஜாக் தையல் அடிச்சிட்டுதான் மெஷின்ல போடணும். இல்லன்னா பிசிறு பிசிறா பிரிஞ்சு நூல் பூரா சுத்திக்கும். உனக்குத் தைக்க வராது. பல்லு வச்ச ஜிக்ஜாக் கத்திரியாலயாவது ஓரத்த வெட்டு. அதுவும் இல்லியா, தலகாணி உறையில போட்டு வாயக் கட்டிப் போடு. கேக்குதா? எம்.எஸ்சி. படிச்சவனுக்கு எத்தினி வாட்டி சொல்லணும்?"

"கேக்குதுக்கா."

காதில் விழுந்தது. மனதில் தங்கவில்லை.

சனிக்கிழமை துவைத்தான். சாயம் ஞாபகம் இருந்தது. சிவப்பைத் தனி வாளியில் ஊறவைத்தான். ஓரம் ஞாபகம் வரவில்லை. குழந்தைத் துணியை வேறு எதனோடும் கலக்கக் கூடாது என்பது மாமியாரின் சட்டம். அதை அவன் ஒருநாளும் மீறியதில்லை. போர்வைத் துணியும் குழந்தையுடையதுதானே. சட்டை, குல்லா, சாக்ஸ் எல்லாவற்றோடும் சேர்த்து மெஷினில் போட்டான்.

மூடியைத் திறந்தபோது துணிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. ஓரங்களிலிருந்து பிரிந்த நூல் கயிறுபோல முறுக்கி, சின்னச் சட்டைகளின் கைகளை இறுக்கியிருந்தது. வெட்டிப் பிரித்தான். கண்ணில் பட்ட நூலை எல்லாம் எடுத்தான். கொடியில் போட்டான்.

ஞாயிறு விடிந்ததும் மழை. குளிருக்குக் குழந்தைக்குச் சாக்ஸ் மாட்டினான். பால் குடித்தாள். கொஞ்ச நேரத்தில் அழத் தொடங்கினாள். பல் வருகிறது என்று நினைத்தான். தோளில் போட்டுத் தட்டினான். அழுகை நிற்கவில்லை, போகப் போக மெலிந்து கூராகியது. பக்கத்துத் தெருவில் யாருடைய குழந்தையோ அழுவதுபோல அவனுக்குக் கேட்டது. ஜன்னலைப் பார்த்தபடி தட்டிக்கொண்டே இருந்தான்.

வேளாங்கண்ணியும் பிரிஸ்கில்லாவும் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதும் அழுதுகொண்டிருந்தாள்.

"தெருமுனை வரைக்கும் கேக்குது. என்னா பண்ணுது புள்ளைக்கு?"

"பல்லு அத்தை."

"வாயப் பாத்தியா?"

அவன் பார்த்திருக்கவில்லை. வேளாங்கண்ணி விரலை விட்டுத் தடவினார். ஈறு மெத்தென்று இருந்தது, பல் எதுவும் தட்டுப்படவில்லை. நெற்றியில் சிலுவை போட்டார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"கதவ ஜன்னல சாத்திட்டு சாக்ஸ் வேற. வேவுது பாரு," என்று பிரிஸ்கில்லா சாக்ஸை உருவினாள். இடது சாக்ஸ் சுலபமாக வரவில்லை. எதிலோ மாட்டியதுபோல் இழுத்தது. குழந்தைக்கு மூச்சு அடைத்தது.

காலின் நடுவிரல் நாவற்பழம்போல் கறுத்து உப்பியிருந்தது. அடியில் ஒரு கோடு. நூல் கண்ணுக்குத் தெரியவில்லை. சதை அதை மூடிவிட்டது.

வந்த ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டர் லென்ஸை வைத்துப் பார்த்து, மெல்லிய கத்தியால் வெட்டி, இடுக்கியால் மஞ்சள் இழை ஒன்றை வெளியே இழுத்தார்.

"இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா விரல எடுக்க வேண்டியிருந்திருக்கும். எப்பலேர்ந்து அழுவுறா?"

"காலைலேர்ந்து," என்றான் அருண்.

டாக்டர் எழுதிக்கொண்டார். வேளாங்கண்ணி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெளியே வராந்தாவில் பிரிஸ்கில்லா தாழ்ந்த குரலில் கேட்டாள். "ஓரத்த அடிச்சியா?"

"இல்லக்கா."

"தலகாணி உறை?"

"இல்ல."

அவள் திரும்பிக் குழந்தையிடம் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது விரலில் சிவப்பு ஏறியிருந்தது. குழந்தை பிரிஸ்கில்லாவின் மடியில் தூங்கிப்போனாள். வேளாங்கண்ணி கூடத்துக் கொடியிலிருந்து சின்னத் துணிகளை உருவி ஒரு பையில் திணிக்கத் தொடங்கினார். ஆட்டோக்காரரை நிற்கச் சொல்லியிருந்தார்.

அருண் பையின் வாயைப் பிடித்தான். ஏழு மாதத்தில் அவன் யாரையும் இப்படித் தடுத்ததில்லை. குழந்தையைக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்ல அவனிடம் என்ன நியாயம் இருந்தது?

"அத்தை, அதப் போடாதீங்க."

"நீ பேசாத மாப்ள."

"இல்ல அத்தை. உள்பக்கம் திருப்பிப் பாக்காம ஒண்ணையும் அவளுக்குப் போடாதீங்க."

பையை வாங்கித் தரையில் கொட்டினான். விளக்குக்குக் கீழே உட்கார்ந்தான். ஒரு சட்டையை எடுத்து உள்பக்கம் வெளியே திருப்பி, தையல் தையலாக விரலை ஓட்டினான். கை, கழுத்து, மடிப்பு. இழை இருந்தால் எடுத்தான். இல்லாவிட்டாலும் மறுபடி ஓட்டினான். மடித்துப் பையில் வைத்தான். அடுத்ததை எடுத்தான்.

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. வேளாங்கண்ணி குழந்தையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"முடிஞ்சிதா மாப்ள?"

அவன் தலை தூக்கவில்லை. ஒரு குல்லாவைத் திருப்பினான்.

"இன்னும் இருக்கு அத்தை," என்றான்.