ஆடாத சபை

"மறுபடியும் நிறுத்திட்டீங்களே, அண்ணி! எதுக்குக் காத்திருக்கீங்க?"

"அவங்க எழுந்திருக்கட்டும்னுதான்."

"யாரு, அந்தக் காலி நாற்காலிங்களா?"

எவரார்தோ கிதாரை மடியில் சாய்த்துக்கொண்டு சிரித்தான். ஓத்திலியா சிரிக்கவில்லை. அக்கார்டியனை மூடிவிட்டு இருண்ட அரங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாட்டின் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரில் சாதித்தவர்களுக்கு வழங்கும் விருது இந்த ஆண்டு அவளுக்கும். நாளை மாலை வாஷிங்டனின் இந்த மேடையில் அதை வாங்கிய கையோடு ஜோடியாகச் சுழன்றாடும் போல்கா மெட்டு ஒன்றை வாசிக்க வேண்டும். நாடே தொலைக்காட்சியில் பார்க்கும். ஒத்திகையிலேயே தாளம் நழுவிக்கொண்டிருந்தது.

காரணம் எவரார்தோவுக்குத் தெரியும். டெக்சாஸின் தென்கோடி நடனக் கூடங்களில் முதல் ஜோடி இறங்கி, பூட்ஸைத் தேய்த்து நகரும் ஓசையிலிருந்துதான் அண்ணி வேகத்தைப் பிடிப்பாள். பிடித்துவிட்டால் அப்புறம் யாரும் அவளிடமிருந்து தப்ப முடியாது. காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்த கல்யாண மாப்பிள்ளையையே ஒருமுறை எழுப்பி ஆடவிட்டவள்.

"இங்க எல்லாரும் சர்ச்சுல பூசைக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருப்பாங்க. என்னால ஆகாதுப்பா. வேற யாரையாவது வாசிக்கச் சொல்லு."

மேடை நிர்வாகியான ஹிமேனா ஓடிவந்தாள். "அம்மா, இன்னும் ஒரே தடவை பார்த்துடலாமா?"

எவரார்தோ கிதாரைக் கீழே வைத்தான். "உனக்கு ஆடத் தெரியுமா, பொண்ணே?"

"போர்ட்டோ ரிக்கோக்காரியைப் பார்த்துக் கேக்கற கேள்வியா இது?"

"போல்கா?"

"அது... தெரியாது."

"என் காலை மிதிக்காம வா, போதும்."

இருவரும் மேடையை இடப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினார்கள். பலகையில் கால்கள் உரசின. அடுத்த நொடி அக்கார்டியன் மூச்சிழுத்தது. ஓத்திலியாவின் விரல்கள் பொத்தான்களின் மேல் மழையாய் இறங்கின. எத்தனையோ ஆண்டுகளாக அவள் பக்கத்தில் அமர்ந்து வாசித்தவன்தான் எவரார்தோ. ஆனால் அவள் இசைக்கு ஆடுவது இதுதான் முதல் முறை. வயதும் முழங்கால் வலியும் எங்கோ போய்விட்டன. தன்னையே யாரோ தூக்கிச் சுமப்பதுபோல் இருந்தது. இப்படித்தானா இத்தனை காலமும் ஊரே மிதந்தது! மேலே விளக்குகளைச் சரிசெய்துகொண்டிருந்த ஆள் நீளமாக ஒரு கூவல் விட்டான்.

பாட்டு முடிந்தபோது ஹிமேனாவுக்கு மூச்சு வாங்கியது.

"கண்ணு," என்றாள் ஓத்திலியா, "முன்னாடி நாலு வரிசை நாற்காலியையும் எடுத்துடச் சொல்லேன்."

"ஐயோ அம்மா, அது அமைச்சருங்க உட்கார்ற இடம்!"

"அவங்களுக்கும் கால் இருக்குமில்ல? நின்னாத்தானே ஆட வருவாங்க. எனக்காகப் போய்க் கேளும்மா, கேப்பியா?"