கரிசல் மைதானத்தில் இறுதியாட்டம்

மதுரைக் கல்லூரி ஒன்றின் கால்பந்துப் பயிற்சியாளராக இருந்து, ஜான்ராஜ் தொடர்ந்து மூன்று வருஷம் கேடயம் வாங்கிக் கொடுத்தார். நாற்பத்திரண்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது, மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; தூண்டிவிட்டவர்கள் யாரென்று பிரின்ஸ்பால் கேட்டார். அவர்களில் பாதிப்பேர் ஜான்ராஜின் ஆட்டக்காரர்கள். அவர் வாய் திறக்கவில்லை. வேலை போயிற்று. மனைவி ரூத்தோடு சொந்த ஊரான அருப்புக்கோட்டைக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டரானார்.

நாற்பத்தாறில் அதே பிரின்ஸ்பால் ஆளனுப்பினார். கல்லூரி அணி தோற்றுத் தோற்றுத் துவண்டிருந்தது.

"ஒரு தடவ தூக்கி எறிஞ்சவுக, மறுபடி எறிய மாட்டாகளா?" என்றாள் ரூத்.

ஜான்ராஜ் பெட்டியைக் கட்டினார்.

நரிக்குடியிலிருந்து வந்து படித்த சோலைச்சாமி என்ற மாணவனை முன்வரிசையில் ஆடவிட்டு, மறுவருஷமே அணியை இறுதியாட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஆட்டம் அருப்புக்கோட்டையில். சித்திரை மாதம். மழை பொய்த்த கரிசல் மைதானம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புகளில் மணலைக் கொட்டினார்கள். கொட்டக் கொட்ட உள்ளே போய்க்கொண்டிருந்தது. தள்ளிவைக்கலாம் என்றார் ஜான்ராஜ்.

"கலெக்டர் வர்றார்," என்று மட்டும் சொன்னார் பிரின்ஸ்பால்.

முதல் பாதியிலேயே சோலைச்சாமியின் கால் ஒரு வெடிப்பில் இறங்கியது. குப்புற விழுந்தான், நெற்றிப்பொட்டு கட்டாந்தரையில் மோதியது. உடனே எழுந்து, சிரித்துக்கொண்டே ஓடினான். ஜான்ராஜ் எல்லைக்கோடு வரை வந்து, அவன் ஓடுவதையே பார்த்தார். வாலிபத்தில் அவரோடு ஆடிய ஒருவன் இப்படித்தான் அடிபட்டு, எழுந்து ஆடினான். மறுநாள் அவனைக் கல்லறைக்குத் தூக்கிப் போனார்கள்.

இடைவேளையில் சோலைச்சாமி வாந்தியெடுத்தான். கையில் கொடுத்த எலுமிச்சம்பழத்தை, என்ன செய்வதென்று தெரியாதவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ இறங்க வேண்டாம்ப்பா."

"எனக்கு ஒண்ணுமில்ல சார். வெயிலுதான்."

"இது எந்த ஊரு, சொல்லு."

சோலைச்சாமி யோசித்தான். "பந்தல்குடி."

பிரின்ஸ்பால் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அவன் இல்லாம தோத்தா, நீங்க மதுரைக்குத் திரும்ப வேண்டியதில்ல."

விசில் ஒலித்தது. ஜான்ராஜ் சோலைச்சாமியைத் தோளில் சாய்த்து நடத்திப்போய் ஒரு குதிரைவண்டியில் ஏற்றினார். ஆஸ்பத்திரிக்குப் பாதித் தூரம் போவதற்குள் அவன் கண் செருகியது. "தூங்காத, ஏய், தூங்காத," என்று கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தார். அவனுடைய இடது கை துணிபோலத் தொங்கியது. பின்னால் மைதானத்தில் கூட்டம் ஆர்ப்பரித்தது. யார் கோல் போட்டார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை.

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். "இன்னும் கொஞ்சம் ஓடவிட்டிருந்தா, இங்க கொண்டாந்தே இருக்க வேண்டாம்."

மண்டையோட்டில் துளையிட்டு ரத்தத்தை எடுத்தார்கள். அந்த வாரம் முழுக்க ஜான்ராஜ் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டு நீக்கிய செய்தி அங்கேயே வந்து சேர்ந்தது. ரூத் ஊர்வீட்டிலிருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்தாள்.

ஒருநாள் காலை சோலைச்சாமி கண் விழித்தான். இடது காது கேட்கவில்லை. அது பிறகும் கேட்கவில்லை.

"ஜெயிச்சோமா சார்?"

"தோத்துட்டோம்."

"என்னைய எறக்கியிருந்தா ஜெயிச்சிருக்கலாம்," என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஜான்ராஜ் வெளியே வந்தார். கஞ்சித் தூக்கோடு நின்ற ரூத், அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"என்னங்க?"

"கோவப்படுறான், ரூத்து," என்றார். சொல்லும்போதே அவர் குரல் உடைந்தது. "உசுரோட எந்திரிச்சு, என்மேல கோவப்படுறான்."