இரும்புக் காலும் மஞ்சள் காப்பும்

கீழே மலைப்பாதை வளைவில் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் லட்சுமணன் எழுந்துவிட்டார். ராஜவேலுவின் ஜீப் அது. புளி மூட்டைகளை ஏற்றி முடிக்கும்வரை நிற்கும், அப்புறம் கலெக்டரே வந்து கை காட்டினாலும் நிற்காது. இன்றைக்கு விட்டால் அடுத்த நடை வியாழக்கிழமை. மகளுக்குப் பரீட்சையோ நாளைக் காலை, ஆலங்காயத்தில்.

மகள் சாந்தம்மாள் வீட்டுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தாள். தலை வாரி, ரிப்பன் வைத்து, புத்தகப் பையை மடியில் போட்டுக்கொண்டு பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குத் தயாராக இருந்தாள். ஒன்றுதான் குறை. அவள் நடப்பதற்கான சாமான் எதிர்ச்சுவரில் முளைக்குச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதை இரும்புக் காலு என்று ஊர் சொன்னது. வேலூரில் அரசாங்க முகாமில் அளவெடுத்துச் செய்து கொடுத்த டாக்டர் அதைக் கேலிப்பர் என்றார். இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, தொடைக்கும் முழங்காலுக்குக் கீழேயும் தோல் பட்டை, அடியில் ஒரு தோல் பூட்ஸ். முழங்கால் மூட்டில் கம்பிக்கு ஒரு வளையம். காலை நீட்டி நிமிர்ந்தால் வளையம் சரிந்து விழுந்து மூட்டைப் பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் வளையத்தை மேலே தூக்கிவிட வேண்டும். அவ்வளவுதான் அதன் வித்தை. அந்த வித்தைதான் பதின்மூன்று வயதுவரை தரையில் தவழ்ந்து கிடந்த பெண்ணை ஆலங்காயம் ஹாஸ்டலுக்கும் பெரிய பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்து அவளுடைய இடது காலைத் துவள வைத்துவிட்டுப் போனது. அன்றைக்குக் காளியம்மன் முன்னால் குப்புற விழுந்து லட்சுமணன் வேண்டிக்கொண்டது இதுதான்: இவளை நடக்க வை, உனக்குத் தீ மிதிக்கிறேன். பஞ்சத்தில் சில வருஷம், ஊர்ச் சண்டையில் சில வருஷம் என்று திருவிழாவே நின்று கிடந்தது. எண்பத்து மூன்றாம் வருஷம் பங்குனியில்தான் மறுபடி சாட்டினார்கள். மகள் இரும்புக் காலில் நடக்கிறாள், ஆகவே கடன் தீர்க்க வேண்டியதுதான் என்று லட்சுமணன் முதல் ஆளாய்ப் போய் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டார். தீ மிதிக்காமல் ஏமாற்றினால் கொடுத்த காலை அம்மன் திருப்பி எடுத்துக்கொள்வாள் என்ற பயம் அவர் நெஞ்சில் முள்ளாய் இருந்தது. படித்தவர்கள் சிரிக்கலாம். பெற்றவன் சிரிக்க மாட்டான்.

காப்பு கட்டினால் சட்டம் இரண்டு. கட்டியவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஊருக்குள் தோல் அசையக் கூடாது. அதனால் காப்புக்கு முன்பே எல்லோரும் அவரவர் செருப்பைக் கொண்டுபோய் எல்லைக்கு வெளியே புளியமரத்தடியில் போட்டுவிட்டார்கள். லட்சுமணனும் தன் செருப்பைப் போட்டார், மனைவி பெரியம்மாளுடையதையும் போட்டார். மகளுடைய பூட்ஸ் அவர் நினைவுக்கே வரவில்லை. அவருக்கு அது செருப்பாகத் தெரிந்தால் அல்லவா வரும். அவருக்கு அது அவள் கால்.

மஞ்சள் கயிற்றில் முடிச்சு விழுந்த பிறகு, திருநீறு வாங்கிக்கொள்ள அவள் 'டக், டக்' என்று நடந்து வந்தபோதுதான் பூசாரி முனியன் கீழே பார்த்தான். ஊரே கீழே பார்த்தது. அன்று கழற்றி மாட்டியதுதான். அன்றிலிருந்து அவள் வீட்டுக்குள் கைகளைப் பின்னால் ஊன்றித் தேய்த்துத் தேய்த்து நகர்ந்தாள். உள்ளங்கை சிவந்து கிடந்ததை லட்சுமணன் பார்த்தார், பார்க்காத மாதிரி வெளியே போனார்.

இப்போதும் அப்படித்தான் வெளியே வந்தார். ஆனால் நேரே கோயிலுக்குப் போனார். ஊர்க்கவுண்டர் கோபால்சாமி மரத்தடியில் நாலு பேருடன் உட்கார்ந்திருந்தார். லட்சுமணனுக்கு மாமா முறை. பொல்லாதவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நல்ல மனுஷன், அதுதான் கஷ்டம்.

"மாமா, வண்டி வந்துடுச்சுங்க" என்றார் லட்சுமணன்.

"கேட்டுச்சு."

"பொண்ணு போணுங்க. நாளைக்குப் பரிச்ச."

"போகட்டும்டா. நான் வேணான்னனா? ரெண்டு ஆளு அனுப்பறேன். டோலி கட்டித் தூக்கினு போய் ஜீப்ல ஒக்கார வெக்கட்டும். அந்தத் தோலு மட்டும் இருந்த எடத்துலயே இருக்கணும்."

இதை நேற்றே மகளிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. அவள் சொன்ன பதிலை லட்சுமணன் அப்படியே ஒப்பித்தார். "ஜீப்ல ஏத்துவீங்க, எறங்குன பெறகு இன்னா பண்றதுன்னு கேக்குதுங்க. பரிச்ச எழுதற ஹாலு மாடில கீதாம். ஒரு வாரம் அத்தினி பேரு முன்னால தவழ்ந்து ஏறணுமான்னு கேக்குது. அதுக்கு எழுதாமலே கெடக்கறேங்குது."

கோபால்சாமி வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நான் இன்னாடா செய்ய? தப்பு உன்னுது. முன்னமே வெளிய வெச்சிருக்கணும். இப்ப அது அசைஞ்சு, நாளைக்கு ஊர்ல ஒரு புள்ளைக்குக் காச்சல் வந்தா யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?"

காய்ச்சல் என்ற சொல்லே லட்சுமணனை அடித்துப் போட்டுவிடும், அது மாமாவுக்கும் தெரியும்.

முனியன்தான் இடையில் புகுந்தான். "பூ கேட்டுப் பாக்கலாம். அம்மா சொல்லிட்டா யாருக்கும் பேச்சு இல்ல."

அம்மன் என்றால் வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசிய ஒரு நடுகல். முனியன் அதற்குத் தண்ணீர் ஊற்றி, உச்சியில் ஈரத்தோடு ஒரு செவ்வரளிப் பூவை வைத்தான். வலப்பக்கம் விழுந்தால் தோல் போகலாம், இடப்பக்கம் விழுந்தால் கூடாது. எல்லோரும் கை கூப்பி நின்றார்கள். பூ அப்படியே இருந்தது.

கீழே மூட்டை விழும் 'தொப்' சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. லட்சுமணன் பூவைப் பார்த்தார், காதை மட்டும் கீழே வைத்திருந்தார். காற்று கொஞ்சம் அசைந்தது. பூ லேசாய் இடப்பக்கம் சாய்ந்தது. பிறகு பூ அந்தச் சாய்விலேயே ஒட்டிக்கொண்டது. விழவில்லை. இப்படி ஒரு சித்திரவதையை அம்மனால்தான் யோசிக்க முடியும் என்று அவருக்குக் கோபமே வந்தது. உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஜீப் ஹாரன் அடித்தது. "கொஞ்சம் பொறு" என்றான் முனியன், யாரிடம் சொன்னானோ. ஹாரன் மறுபடி அடித்தது, இந்தத் தடவை நீளமாக.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. டக். டக். டக்.

லட்சுமணன் திரும்பினார். சாந்தம்மாள் வந்துகொண்டிருந்தாள். அக்குளில் ஊன்றுகட்டை, தோளில் பை, இடது காலில் பூட்ஸ். வீட்டு வாசலில் பெரியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். முளையிலிருந்து இறக்கிக் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை. கூட்டம் தானாக விலகியது. தோல் மேலே பட்டுவிடுமோ என்று விலகினார்களோ, அவள் முகத்தைப் பார்த்து விலகினார்களோ. அவள் யாரையும் பார்க்கவில்லை. அம்மனுக்கு நேராக வந்ததும் ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டாள், கட்டையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். வேப்பிலைத் தோரணத்துக்கு அடியில் குனிந்து எல்லைக்கல்லைத் தாண்டினாள்.

"நிறுத்துடா அவள" என்றார் கோபால்சாமி. சத்தமாகச் சொல்லவில்லை.

கூப்பிட்டால் நின்றுவிடுவாள், அதில் லட்சுமணனுக்குச் சந்தேகமே இல்லை. அப்பா பேச்சை அவள் தட்டியதில்லை. அதனாலேயே கூப்பிட முடியவில்லை.

"நடக்க வெயின்னுதான மாமா அம்மாகிட்ட கேட்டேன்" என்றார். "நடக்கறா. நில்லுன்னு எந்த வாயால சொல்றது?"

"அப்ப காப்பக் கழட்டு. கட்டுனவன் வூட்டுலயே தோலு அசைஞ்ச பெறகு உன்ன எப்பிடி நெருப்புல எறக்கறது? உனக்கும் ஆகாது, ஊருக்கும் ஆகாது."

கழற்றினால் வேண்டுதல் போச்சு. அப்புறம் இந்த ஜென்மத்தில் அந்தக் கடன் தீராது. தீராத கடனுக்கு அம்மன் எதை எடுத்துக்கொள்வாள் என்று அவருக்குத் தெரியும். கை காப்பின் மேல் போனது, அங்கேயே நின்றது. கழற்றவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

சரிவில் ஒரு கல் உருண்டது. சாந்தம்மாள் விழுந்தாள்.

முகம் குப்புற விழவில்லை, பக்கவாட்டில் விழுந்தாள். பை ஒரு பக்கம், கட்டை ஒரு பக்கம். கூட்டத்தில் யாரோ ஒரு பெண், "அம்மா காட்டிட்டா" என்றாள். பெரியம்மாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். லட்சுமணன் நினைத்துப் பயந்தது கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது.

சாந்தம்மாள் கையை ஊன்றி எழுந்தாள். பாதி எழுந்ததும் இடது முழங்கால் மடங்கியது, மறுபடி உட்கார்ந்துவிட்டாள். காலை நீட்டி, கம்பியைத் தட்டி, மீண்டும் எழப் பார்த்தாள். மறுபடியும் மடங்கியது. விழுந்த வேகத்தில் மேலே ஏறிய வளையம் இறங்கவில்லை. மண்ணோ பொடிக்கல்லோ உள்ளே புகுந்து மேலேயே மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கையால் உடம்பைத் தாங்கி இன்னொரு கையால் காலை நீட்டிப் பிடித்தால், வளையத்தை அழுத்த மூன்றாவது கை வேண்டும். மேலே அத்தனை கைகள் கும்பிட்டபடி இருந்தன, ஒன்றும் இறங்கவில்லை. காப்பு கட்டாதவர்கள் தாராளமாக எல்லை தாண்டலாம். ஆனால் அம்மன் தள்ளிவிட்டவளைத் தூக்கிவிட யாருக்குத் துணிச்சல் வரும்?

கீழே ஜீப்பின் இஞ்சின் கிளம்பியது.

லட்சுமணன் மணிக்கட்டை வாயருகே கொண்டுபோனார். முடிச்சு இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அறுத்தார். மஞ்சள் கிழங்கும் கயிறுமாக அது கையில் வந்ததும் கோபால்சாமியின் உள்ளங்கையில் வைத்தார். "எடுக்கறதுன்னா எங்கிட்டருந்து எடுத்துக்கச் சொல்லுங்க மாமா. கண்ணோ காலோ எதுவோ. அவகிட்ட வேணாம்." சொல்லிவிட்டு ஓடினார். தோரணம் தலையில் இடித்துச் சரிந்தது. எல்லைக்கல்லைத் தாண்டியபோது ஒன்றும் ஆகவில்லை. ஆகுமோ என்று நின்று பார்க்கவும் அவருக்கு நேரமில்லை.

போய்ச் சேர்ந்ததும் அவளைத் தூக்கக் கை நீட்டினார். சின்ன வயதிலிருந்து பழகிய கை.

"தூக்காதப்பா" என்றாள். உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்திருந்தது. "வளையத்த மட்டும் அழுத்து. நான் காலப் புடிச்சிக்கறேன்."

அவர் மண்டியிட்டார். வளையத்துக்குள் சிக்கியிருந்த கல்லை நகத்தால் நெம்பி எடுத்தார். பிடிப்புக்காகத் தோல் பட்டையைப் பற்ற வேண்டியிருந்தது, பற்றினார். அவளுடைய வியர்வையில் அது நனைந்திருந்தது. இத்தனை நாளும் அவர் அதைத் தொட்டுப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாம் அவளே மாட்டுவாள், அவளே கழற்றுவாள். வெட்கமாக இருந்தது. கட்டைவிரலால் ஓங்கி அழுத்தினார். 'டக்' என்று வளையம் விழுந்தது.

அவள் கட்டையை ஊன்றி எழுந்தாள். ஆடினாள், நின்றாள். கால் மடங்கவில்லை. லட்சுமணன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார், அழுகை வந்ததால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆனால் ஜீப் நகர ஆரம்பித்துவிட்டது. கூப்பிடு தூரம்தான், இவருக்குக் குரலே எழும்பவில்லை. இன்னும் கொஞ்சம் போனால் வளைவு மறைத்துவிடும்.

மேலேயிருந்து ஒரு குரல் வந்தது. மலைக்கு மலை ஆள் கூப்பிடுகிற குரல், அந்த ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் அது உண்டு. "ஓ... ராஜவேலு... நிறுத்துடா வண்டிய."

லட்சுமணன் நிமிர்ந்து பார்த்தார். கோபால்சாமி எல்லைக்கல்லுக்கு உள்ளே, சரிந்த தோரணத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தார். அறுந்த காப்பு இன்னொரு கையில் இருந்தது. "நீ பண்ணது தப்புதான்டா" என்று இவரைப் பார்த்துக் கத்தினார். "அதச் சாயங்காலம் ஊர் கூடிப் பேசும். இப்ப அவளக் கூட்டினு போ."

ஜீப் நின்றது. ராஜவேலு தலையை வெளியே நீட்டி, என்ன விஷயம் என்பதுபோலக் கையை ஆட்டினான்.

சாந்தம்மாள் நடக்கத் தொடங்கியிருந்தாள். சரிவில் ஒவ்வொரு அடிக்கும் கட்டையை முதலில் ஊன்ற வேண்டியிருந்தது. அப்பா பின்னால் வேகவேகமாய் வருவதைக் கேட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "நான் மெதுவாத்தான் வருவேன்னு அவருகிட்ட சொல்லுப்பா."

லட்சுமணன் வாயைக் குவித்துக் கீழே கூவினார். "மெதுவாத்தான் வருவா. நில்லு."